பத்தில் ஒருவர் தேறுகிறார், மற்றவர்கள்?

ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், மகள் பள்ளியில் முதலிடம். படத்தில் அம்மா இனிப்பு ஊட்டுவார். பேட்டியில் ‘விடாமுயற்சி’ கட்டாயம் இருக்கும். அந்தப் பெண்ணின் உழைப்பில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே தெருவில் தோற்றுப்போன பிள்ளைக்கு விடாமுயற்சி போதவில்லை என்று அந்தச் செய்தி சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

நெருக்கடியிலும் தலைநிமிர்கிற இந்தக் குணத்துக்கு உளவியலார் வைத்திருக்கும் பெயர் மீள்திறன். 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வு அதை எண்ணிக்கையாகவே பார்க்கிறது: வசதியில் கடைசிக் கால்பங்கில் இருந்துகொண்டு மதிப்பெண்ணில் முதல் கால்பங்குக்குள் வருபவர் எத்தனை பேர்? 2022இல் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி சுமார் 10 சதவீதம்.

நூற்றில் அந்தப் பத்துப் பேரிடம் அப்படி என்ன இருந்தது என்பதுதான் வழக்கமான கேள்வி. லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் பள்ளியின் பக்கம் திரும்பினார். உள்நகரப் பகுதியின் 12 உயர்நிலைப் பள்ளிகளை அவர் குழு ஆராய்ந்து 1979இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரே மாதிரி ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தும், சில பள்ளிகளின் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். கட்டடமோ பணமோ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. ஆசிரியர் பாடத்தை நேரத்துக்குத் தொடங்கினார், வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்தினார், பாராட்டினார், பிள்ளைகள் செய்ததைச் சுவரில் ஒட்டினார், பொறுப்புகளை அவர்களிடம் விட்டார். அவ்வளவுதான்.

இதைச் சென்னையில் பொருத்திப் பாருங்கள். 2019 டிசம்பர் கடைசியில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பொதுத்தேர்வுக்கு மூன்றே மாதம். பழைய பள்ளியிலேயே தொடர்ந்தால் தினமும் பஸ்ஸில் போக வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். புதிய பள்ளி என்றால் டிசியோடு அலைந்து, பெயர்கூடத் தெரியாத ஆசிரியரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதேபோல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரின் பழைய வீடுகளோ சுமார் 200 சதுர அடி. டிவி, அடுப்பு, தம்பி, தங்கை எல்லாம் அதற்குள்தான். படிக்கப் போகிறவர் வெளியே மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். பிறகு வேலைக்குப் போனால் முகவரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். இந்த ஊரிலிருந்துதான் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்றார். அவர் திறமையோடு, கூப்பிடு தூரத்தில் ஒரு பயிற்சியாளரும் அணியும் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இடமாற்றமே பதின்பருவத்தினரை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று உண்டு. 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில், ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோகக் குலுக்கல் முறையில் உதவி தரப்பட்டது. 13 வயதுக்கு முன் போன பிள்ளைகள், பெரியவர்களானதும் அந்த உதவி கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு லாபமே இல்லை, சற்று நஷ்டம்தான். நல்ல இடத்துக்குப் போனவர்களின் கதியே இது. நாம் அனுப்புவதோ ஊருக்கு வெளியே.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக்குப் போன பிறகு. நடுவில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பஸ் பாஸ், பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு போன்றவை இருந்தாலும், பிள்ளைகள் நழுவிப்போகும் வயது அதுதான். மாலையில் விளக்கெரியும் ஒரு படிப்பறை, வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வரும் ஒருவர் என்று கேட்க நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நிதி வேண்டும். வீடுகளை இடிக்கும் தேதியைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்க மட்டும் ஒரு பைசாகூட ஒதுக்க வேண்டியதில்லை.