செவ்வாயில் விழுந்த பூட்டு

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர், சில நாட்களிலேயே தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. சேர்த்துவைத்த தரவுகள் தப்பின. ஆனால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கருவிகளில் பழுதில்லை. கோளாறு, இயங்குதளத்தில் யார் யாருக்காகக் காத்திருப்பது என்ற ஏற்பாட்டில் இருந்தது.

விண்கலத்தில் இருந்தது ஒரே செயலி. செய்ய வேண்டிய பணிகளோ பல. எந்தப் பணிக்கு எப்போது செயலியைக் கொடுப்பது என்று முடிவுசெய்வது இயங்குதளத்தின் ஷெட்யூலர். பாத்ஃபைண்டரில் ஓடிய வி.எக்ஸ்.வொர்க்ஸ், நேரம் தவறக் கூடாத வேலைகளுக்கென்றே எழுதப்பட்டது. முக்கியமான பணி தயாரானதும், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணப் பணியை அது பாதியிலேயே நிறுத்திவிடும்.

இதோடு மோதுகிற இன்னொரு விதியும் உண்டு. இரண்டு பணிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றினால் தரவு குழம்பிவிடும். அதனால் ஒரு பணி மியூடெக்ஸ் எனும் பூட்டைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழையும். அது வெளியே வரும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும், எவ்வளவு முக்கியமானவையாக இருந்தாலும்.

செவ்வாயில் நடந்தது இதுதான். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் போட்டிருந்தது. அதைத் திறப்பதற்குள் நடுத்தர முன்னுரிமைப் பணிகள் வந்து செயலியைப் பிடுங்கிக்கொண்டன. அதே பூட்டுக்காக, கலத்தின் உள் தகவல் தடத்தைக் கவனிக்கும் மிக முக்கியமான பணி வந்து நின்றது. பூட்டைத் திறக்க வேண்டிய வானிலைப் பணிக்குச் செயலி கிடைக்கவில்லை. நடுத்தரப் பணிகளுக்கு இந்தப் பூட்டைப் பற்றித் தெரியவே தெரியாது. அவை பாட்டுக்கு ஓடின. விநாடிக்கு எட்டுச் சுற்று என்பது அந்தத் தடத்தின் கணக்கு. அடுத்த சுற்றைத் தொடங்கவந்த வேறொரு பணி, முந்தைய சுற்று முடியவில்லை என்று கண்டதும் மொத்தத்தையும் ரீசெட் செய்தது.

முன்னுரிமை தலைகீழாகும் இந்தச் சிக்கல் புதிதல்ல. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி மூவரும் 1990-இலேயே இதற்கான தீர்வுகளை விரிவாக எழுதிவிட்டார்கள். அதில் ஒன்று முன்னுரிமை இரவல்: பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது. நடுவில் யாரும் புக முடியாது. பூட்டு சீக்கிரம் திறக்கும். வி.எக்ஸ்.வொர்க்ஸிலும் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டில் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

கலிபோர்னியாவில் உள்ள ஜே.பி.எல். ஆய்வகத்தில், மென்பொருள் குழுத் தலைவர் கிளென் ரீவ்ஸும் சகாக்களும் கலத்தின் நகலை ஓடவிட்டுக் கோளாறை மறுபடி வரவழைத்தார்கள். எந்தப் பணி எப்போது ஓடியது என்று பதிவுசெய்யும் வசதியை மென்பொருளிலிருந்து நீக்காமல் விட்டிருந்ததுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மிகப் பெரிய புத்திசாலித்தனம் அதுவே. அந்தப் பூட்டில் முன்னுரிமை இரவலை இயக்கும்படி, மாற வேண்டிய பகுதியை மட்டும் வானொலி அலையில் அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

ஏவுவதற்கு முன்பே சோதனையில் இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியாததால் காரணம் பிடிபடவில்லை. செவ்வாயிலோ எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தரவு அனுப்ப முடிந்தது, வேலைப்பளுவும் கூடியது. நிலைமை இவ்வளவு நன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

லினக்ஸில் சாதாரண நிரல்களின் பூட்டுகளுக்கு முன்னுரிமை இரவல் 2006-இல் வந்தது. நிரல் எழுதுபவர் கேட்டால்தான் இன்றும் அது கிடைக்கும்.