கைம்பெண்ணின் மகனுக்காகத் தொங்கும் பணிஸ்கள்: பிரித்தானிய 'பப்'கள் எதைக் காத்து வைத்திருக்கின்றன?

கிழக்கு லண்டனின் போ பகுதியில், டெவன்ஸ் வீதியில், 'த விடோஸ் சன்' என்றொரு மதுபானசாலை இருந்தது. 'கைம்பெண்ணின் மகன்' என்பது அதன் பொருள். அங்கு மது பரிமாறும் இடத்துக்கு மேலே ஒரு வலை தொங்கியது. வலைக்குள் காய்ந்து கறுத்துப்போன பணிஸ்கள்.

அந்த இடத்தில் முன்னர் ஒரு கைம்பெண்ணின் குடிசை இருந்ததாகக் கதை சொல்கிறது. அவருடைய ஒரே மகன் கடலோடி. உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவேன், பெரிய வெள்ளிக்குச் செய்யும் சிலுவைக் குறியிட்ட பணிஸில் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள் என்று அவன் சொல்லியனுப்பினான். அவன் வரவில்லை. இறந்தான் என்ற செய்தியும் வரவில்லை. தாய் அந்தப் பணிஸை எடுத்து வைத்தார். அடுத்த ஆண்டும் ஒன்று வைத்தார். அவர் இறந்தபோது, கூரையில் பணிஸ்கள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். 1848இல் அதே இடத்தில் மதுபானசாலை கட்டப்பட்டது. அதன் பின்னரும் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் வந்து புதிய பணிஸ் ஒன்றை அந்த வலைக்குள் இடுவது வழக்கமாயிற்று.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று பிரிக்க முடியாது. ஆனால், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாருக்கு அந்தப் பணிஸ்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. மகனுடைய பங்கை எடுத்து வைக்கும் வீடுகள் எம்மிடமும் இருக்கின்றன.

குடிப்பதற்கான இடம் மட்டுமா?

போருக்குப் பிந்திய எமது கிராமங்களில் மது செய்த அழிவைப் பார்த்தவர்களுக்கு, மதுபானசாலை பற்றிய கட்டுரை உறுத்தலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. பிரித்தானியாவும் அந்தப் பிரச்சினையை அறியாததல்ல. முதலாம் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று அரசு மதுபானசாலைகளின் நேரத்தைக் குறைத்தது. பிற்பகலில் மூட வேண்டும் என்ற அந்தக் காலத்துக் கட்டுப்பாடு இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். நேரடியாகச் சொன்னால் பொதுவீடு. எங்கள் பேச்சில் இருக்கும் 'தவறணை'யும் ஐரோப்பிய மொழிகளின் 'டேவர்ன்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால், தவறணைக்குப் போவதை நாங்கள் மறைப்போம். பொதுவீட்டுக்குப் போவதை அவர்கள் மறைப்பதில்லை. ஊடகக் கற்கையில் ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளரைப் படித்திருக்கிறேன். வீடும் வேலைத்தளமும் அல்லாத 'மூன்றாவது இடம்' என்று அவர் 1989இல் எழுதிய நூலில் விவரித்த இடங்களுள் ஆங்கிலேயரின் பப்பும் ஒன்று.

அங்கு எழுதப்படாத விதிகள் பல. மேசையில் அமர்ந்து பரிமாறுபவரைக் காத்திருக்கக் கூடாது, எழுந்து சென்று கேட்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால், யார் முதலில் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நண்பர்களுடன் போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். தேநீரோ சோடாவோ மட்டும் குடித்துவிட்டு ஒரு மணிநேரம் இருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

விசித்திரங்களின் களஞ்சியம்

பப்பின் வாசலில் தொங்கும் படப் பலகையிலேயே வரலாறு தொடங்குகிறது. வாசிக்கத் தெரியாத காலத்தில் படம்தான் பெயர். 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் விடுதிகள் அடையாளப் பலகை வைக்க வேண்டும் எனச் சட்டமிட்டார். அவருடைய சின்னமான வெள்ளை மான் இன்றும் பல பப்களின் பெயர். 'றோயல் ஓக்' என்ற பெயரைக் கண்டால், 1651இல் போரில் தோற்ற இரண்டாம் சார்ள்ஸ் ஒளிந்திருந்த ஓக் மரத்தை நினைத்துக்கொள்ளலாம். தோற்று ஓடிய அரசனின் மறைவிடம் பிறகு ஊரூராகப் பெயர்ப்பலகையானது.

நொட்டிங்ஹாம் நகரில் மணற்பாறையைக் குடைந்த குகைகளோடு சேர்ந்து ஒரு பப் இருக்கிறது. சுவரில் 1189 என்று எழுதியிருப்பார்கள். கட்டடமோ 17ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. அங்கு தூசி படிந்த மாதிரிக் கப்பல் ஒன்றுண்டு. துடைத்தவர்கள் இறந்துபோனார்கள் என்ற கதையால் அதை யாரும் துடைப்பதில்லை. பெரி சென்ட் எட்மண்ட்ஸ் நகரின் 'நட்ஷெல்' ஏறத்தாழ 15 அடிக்கு 7 அடி மட்டுமே. அதன் கூரையில் உலர்ந்த பூனையொன்றின் உடல் தொங்குகிறது. ஒரு கடை உரிமையாளர் கணக்குப் பார்த்தால் இவற்றில் எதுவும் மிஞ்சாது. யாரும் கணக்குப் பார்க்காததால்தான் இவை மிஞ்சின.

பொதுவீடு யாருக்குப் பொது?

எண்பதுகளில் லண்டனுக்குப் போன என் சித்தப்பா, முப்பது வருடங்களாகத் தன் தெருமுனையிலிருந்த பப்புக்குள் நுழைந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். "அது அவையின்ர இடம், பிள்ளை" என்றார்.

அந்த எண்ணம் காரணமின்றி வந்ததல்ல. அறுபதுகளில் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் பரிமாற மறுத்த பப்கள் பல. சில, அவர்களைத் தனி அறையில் மட்டும் அனுமதித்தன. 1965 பெப்ரவரி 12ஆம் திகதி, கொல்லப்படுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், மல்கம் எக்ஸ் பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஸ்மெதிக் நகருக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அவரை 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்கு அழைத்துச் சென்றனர். வெள்ளையர்களுக்கென ஒதுக்கியிருந்த அறையில் அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். அதே ஆண்டு வந்த இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்தது. இன்று அதே வட்டாரத்தில் பஞ்சாபிக் குடும்பங்கள் நடத்தும் பப்கள் புகழ்பெற்றவை. ஒருகாலத்தில் பின்னறைக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், மூடப்படவிருந்த கடைகளை எடுத்து, கறியும் பியரும் பரிமாறி உயிர்ப்பித்தார்கள்.

இடித்ததைக் கட்டு

2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 60,000க்கு மேற்பட்ட பப்கள் இருந்தன. இப்போது 45,000 அளவில்தான் உள்ளன. பல்பொருள் அங்காடிகளின் மலிவு மது, எரிசக்திச் செலவு, வரி என்று காரணங்கள் பல. லண்டன் போன்ற இடங்களில் இன்னொன்றும் சேர்கிறது: கடையைவிட அது நிற்கும் நிலத்துக்கு விலை அதிகம்.

வடமேற்கு லண்டனின் 'கார்ல்டன் டேவர்ன்' 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்குத் தப்பிய கட்டடம். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்படவிருந்த வேளையில், 2015 ஏப்ரலில், உரிமையாளரான நிறுவனம் அனுமதியின்றி அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. அபராதம் கட்டிவிட்டு அடுக்குமாடி எழுப்புவார்கள் என்றே பலர் நினைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபையோ, இருந்தபடியே செங்கல் செங்கல்லாகத் திரும்பக் கட்டும்படி உத்தரவிட்டது. விசாரணையிலும் அது உறுதியானது. 2021 ஏப்ரலில் கார்ல்டன் டேவர்ன் மீண்டும் திறந்தது.

இது எப்படி முடிந்தது? இடிக்கப்படலாம் என்று அயலவர்கள் முன்கூட்டியே சந்தேகித்தார்கள். அவர்கள் கேட்டதற்கிணங்க, மரபுரிமை நிறுவனம் கட்டடத்தைப் படமெடுத்து, ஓடுகளுக்கு அச்சு வார்த்துப் பதிவுசெய்து வைத்திருந்தது. "எப்படி இருந்தது என்று தெரியாது" எனச் சொல்ல உரிமையாளருக்கு வழி இருக்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஸ்டஃபோட்ஷயரின் 'குரூக்கெட் ஹவுஸ்' 1765இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டது. கீழே நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் நான்கு அடிவரை தாழ்ந்தது. மேசையில் வைத்த கோலிக்குண்டு மேல்நோக்கி உருள்வதுபோலத் தெரியும். விற்பனையாகிச் சில நாட்களில், 2023 ஓகஸ்ட் 5ஆம் திகதி இரவு அது எரிந்தது. இரண்டு நாட்களில் முற்றாக இடிக்கப்பட்டது. திரும்பக் கட்டும்படி 2024 பெப்ரவரியில் பிரதேச சபை உத்தரவிட்டது. உரிமையாளர்கள் மேன்முறையீடு செய்தார்கள். இடிபாட்டுக் கற்களை யாரும் அள்ளிச் செல்லாமல் ஊர்மக்கள் காவல் காத்தார்கள்.

சட்டமும் மெல்ல மாறியது. 2011இன் சட்டமொன்று, ஓர் இடத்தைச் 'சமூகப் பெறுமதியுள்ள சொத்து' எனப் பதிவுசெய்ய மக்களுக்கு வழி தந்தது. அது விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். தென்கிழக்கு லண்டனின் 'ஐவி ஹவுஸ்' பப்பை அயலவர்கள் 2013இல் அப்படித்தான் வாங்கினார்கள். 2017இலிருந்து இங்கிலாந்தில் பப்பை இடிப்பதற்குத் திட்டமிடல் அனுமதி கட்டாயம்.

எமது ஊர்களில் பொதுவீட்டின் வேலையை வாசிகசாலையும் சனசமூக நிலையமும் கோயில் மடமும் செய்தன. வலிகாமம் வடக்கில் காணி விடுவிக்கப்பட்டபோது, திரும்பிப் போனவர்கள் பலர் தங்கள் வீடு இருந்த இடத்தையே கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். எமக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை இல்லை. ஆனால், அந்த அயலவர்கள் முதலில் செய்த வேலைக்குச் சபையும் சட்டமும் தேவைப்படவில்லை. இன்னும் நிற்கிற ஒரு வாசிகசாலையைப் படமெடுக்கலாம், அளந்து வைக்கலாம், அதன் கதையை மூத்தவர்களிடம் கேட்டு எழுதலாம். அதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பின்னேரமும் போதும்.