விம்மா, விஎஸ் கோடா?

கோவை விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் சரவணம்பட்டி ஐடி அலுவலகங்களிலும் புரோகிராமர்களின் நாள் நிரல் எழுதும் எடிட்டரில்தான் கழிகிறது. 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ, அதன் வழியில் 1991இல் பிராம் மூலநார் வெளியிட்ட விம் என்ற எடிட்டர்கள் இரண்டுக்கும் மவுஸ் தேவையில்லை. ‘டி’ விசையை இருமுறை தட்டினால் முழு வரியும் நீங்கும். ‘யு’ தட்டினால் திரும்ப வரும். பழக நாளாகும். ஆனால் தொலைதூர சர்வரில் புகுந்து ஒரு வரியைத் திருத்த விம்முக்கு ஈடில்லை.

2015இல் மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்திய விஎஸ் கோடு, மெனு, கோப்புப் பட்டியல், பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு என எல்லாவற்றையும் கண்முன் வைக்கிறது. இலவசம்தான், பழைய லேப்டாப் மட்டும் திணறும்.

தமிழில் எழுதும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘கோவை’ யூனிகோடில் நான்கு குறியீடுகள். விம் வழக்கமாக இயங்கும், சம அகலக் கட்டங்களில் எழுத்தை அடைக்கும் டெர்மினலில் அவை பெரும்பாலும் சிதறும். விஎஸ் கோடில் ஒழுங்காகத் தெரியும்.

புதிய மாணவர்கள் விஎஸ் கோடில் தொடங்கலாம். சர்வர் வேலைக்குப் போகுமுன் விம்மின் அடிப்படைக் கட்டளைகளையும் கற்றுக்கொள்வது அவசியம்.