வசந்தகாலமும் முதிய வண்டியோட்டிகளும்

பிரித்தானியாவிலும் வட பிரான்சிலும் குளிர்காலம் துவிச்சக்கர வண்டியோட்டிகள் பலருக்கு ஓய்வுக்காலமாகும். டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய நாளில் இலண்டன் மாநகரிற் பகற்பொழுது எட்டு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. தெருக்கள் ஈரமாகவும், சிலபோது உறைபனி படர்ந்து வழுக்குவனவாகவும் இருக்கும். ஆதலின் அறுபது பிராயத்தைக் கடந்தோர் பலர் ஒக்ரோபர் முடிவிலே வண்டியைச் சுவரோடு சாத்திவிட்டு, வசந்தம் வருமளவும் அதனைத் தொடாதிருப்பர். மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்நாடுகளிற் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே திருப்பப்படும். மாலைப்பொழுது நீளும், காற்றின் கடுமை தணியும், மரங்கள் தளிர்க்கும். அப்பொழுது முதியவர் தம் வண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, சில்லுகளுக்குக் காற்றடித்துப் புறப்படுவர்.

சென்ற செப்டெம்பரில் இளைப்பின்றி ஏறிய மேடு இப்பொழுது மூச்சைத் திணறடிக்கும். "வயது போய்விட்டது, இனி இஃது எமக்கு ஆகாது" என்று கூறிச் சிலர் அன்றோடு வண்டியைக் கைவிடுவர். வேறு சிலரோ, தம்மினும் இளையார் முன் தாழ்வுறலாகாதென்று எண்ணி, முதல் வாரத்திலேயே பழைய வேகத்தை எட்ட முயன்று, முழங்காலையோ, அதனினும் மேலாக இருதயத்தையோ வருத்திக்கொள்வர். இவ்விரு சாராரும் இடர்ப்படுவது ஒரே அறியாமையினாலாகும். உடல் இழந்தது எது, எக்காரணத்தால் இழந்தது, எவ்வுறுப்பு எத்துணைக் காலத்தில் மீளும் என்பனவற்றை அறிந்தோர் இவ்விரு தீங்கையும் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம். அவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் எமது மலரில் இடம்பெறுதற்குத் தக்க காரணமுண்டு. பழைய மாணவருட் பலர் இன்று குளிர் நாடுகளில் வாழ்கின்றனர். இளமையிலே துவிச்சக்கர வண்டியிற் கல்லூரிக்கு வந்த அவர்களுள், உத்தியோகத்தினின்று இளைப்பாறியபின் மீண்டும் வண்டியேறுவோர்க்கும் ஏற விரும்புவோர்க்கும் இக்குறிப்புகள் பயன்படுமென நம்புகின்றோம்.

முதலில், சில மாத ஓய்வினால் உடலில் நிகழ்வது யாதென நோக்குவாம். வண்டியோட்டியின் வலிமையை அளக்கும் சிறந்த அளவுகோல், அவரது உடல் ஒரு நிமிடத்திற் பயன்படுத்தவல்ல ஒட்சிசனின் உச்ச அளவாகும். இதனை நாம் ஒட்சிசன் கொள்ளளவு என வழங்குவாம். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வேட் கொயிலும் அவர்தம் உடனாய்வாளரும், நன்கு பயின்ற எழுவரை 84 நாட்கள் பயிற்சியினின்று நிறுத்தி ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். முதல் 21 நாட்களில் அவர்களுடைய கொள்ளளவு நூற்றுக்கு 7 வீதம் வீழ்ந்தது. 56 நாட்களில் 16 வீதம் வரை இறங்கி, அவ்வளவில் நின்றுவிட்டது. முதல் வீழ்ச்சிக்குக் காரணம், இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைந்தமையாகும். பயிற்சி நின்றதும் இரத்தத்தின் நீர்ப்பகுதி விரைவிற் குறைகின்றது. அதனால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் சுருங்குகின்றது. அடுத்து, தசைகளினுள்ளே ஒட்சிசனைக் கொண்டு சத்தியைப் பிறப்பிக்கும் நொதியங்கள் குறைகின்றன. ஆயினும், தசைகளுக்கு இரத்தங்கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்கள் அந்த 84 நாட்களிலும் குறையவில்லை. வாய்க்கால்கள் தூர்ந்துவிடவில்லை, நீர்தான் குறைந்தது என்க.

இஃது இளையோர் நிலை. முதியோர் நிலை யாது என்று வினவலாம். அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966ஆம் ஆண்டிலே, இருபது வயதினரான ஐவர் மூன்று வாரம் படுக்கையிற் கிடத்தப்பட்டு, அதற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளின்பின், 1996இல், அவ்வைவரும் ஐம்பது வயதினராய் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு மூப்பு அவர்களுடைய கொள்ளளவைக் குறைத்ததிலும், இளமையில் மூன்று வாரப் படுக்கை குறைத்ததே மிகுதியாயிருந்தது! பின்னர் அவர்கள் ஆறு மாத காலம் நடை, மெல்லோட்டம், நிலைவண்டி மிதித்தல் ஆகிய பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்தனர். முடிவில் அவர்களுடைய கொள்ளளவு, இருபது வயதில் எப்பயிற்சியும் தொடங்குமுன் இருந்த அளவை மீண்டும் எய்திற்று. இருபது வயதிலே பயிற்சியின் பின் எய்திய உச்சத்தை மாத்திரம் எவரும் எட்டவில்லை. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. மூப்பு நம்மிடமிருந்து சிறிது கொள்வது உண்மை. ஆனால், மூப்பின்மேல் நாம் சுமத்தும் பழியிற் பெரும்பங்கு வாளாவிருந்தமைக்கே உரியது.

மூப்பு கொள்வதில் மீளாத பகுதியாவது, இருதயத்தின் உச்சத் துடிப்பாகும். வயதின் பத்தில் ஏழு பங்கை 208இலிருந்து கழித்தால், அவ்வயதினரின் சராசரி உச்சத் துடிப்பு கிடைக்கும். எழுபது வயதினருக்கு அது நிமிடத்துக்கு 159 ஆகும். ஆளுக்காள் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். பயிற்சியினால் இதனை உயர்த்த முடியாது. ஆனால், ஒரு துடிப்பிற் செல்லும் இரத்தத்தையும், தசை ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறனையும் மிக முதிர்ந்த வயதிலும் உயர்த்தலாம். இதற்குப் பிரான்சு நாட்டு றொபேர் மர்ஷான் சான்றாவார். 1911இற் பிறந்த அவர், பல்லாண்டு வண்டியைக் கைவிட்டிருந்து, அறுபதுகளின் பிற்பகுதியில் மீண்டும் அதனைத் தொடங்கியவர். 2012இல் நூறு வயதில் ஒரு மணித்தியாலத்தில் 24.25 கிலோமீற்றர் ஓடினார்; 2014இல் 102 வயதில் அதே நேரத்தில் 26.92 கிலோமீற்றர் ஓடினார். இடைக்காலத்தில், வெரோனிக் பில்லா என்னும் உடற்றொழிலியல் அறிஞரின் வழிகாட்டலில், ஆண்டுக்கு 5000 கிலோமீற்றர் பயின்றார். அதில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவானது. ஒரு பங்கே கடினமானது. அவருடைய ஒட்சிசன் கொள்ளளவு 101 வயதுக்கும் 103 வயதுக்குமிடையில் நூற்றுக்கு 13 வீதம் உயர்ந்தது. 2021இல் 109 வயதிற் காலமானார். எல்லோரும் அவரைப்போல் ஆவர் என்பது எமது கூற்றன்று. நூறாம் வயதிலும் உடல் பயிற்சிக்கு இணங்குகின்றது என்பதே கருத்து.

ஆயின், மீட்சி எல்லா உறுப்புகளுக்கும் ஒரே கதியில் நிகழ்வதன்று. நாம் இங்குச் சிறப்பாக வற்புறுத்த விரும்புவது இதுவே. இரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு வாரங்களிற் பெருகும். அதனோடு இருதயத்தின் தொழிலும் திருந்தும். தசையின் நொதியங்கள் மேலும் சில வாரங்களிற் பெருகும். தசைநாண்களோ மாதக் கணக்கிலேதான் உறுதிபெறும். அவற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைவு, அவை புதுப்பிக்கப்படுதலும் மெல்ல நிகழ்வது. எனவே, மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரையுள்ள காலமே மிக எச்சரிக்கையாயிருக்க வேண்டிய காலம். அப்பொழுது மூச்சு இளைக்காது. காலின் வலிமை மீண்டதுபோலத் தோன்றும். மனம் இன்னுஞ் சற்று என்று தூண்டும். முழங்காற் சிரட்டையின் கீழும் குதிக்காலின் மேலும் உள்ள நாண்களோ அச்சுமையைத் தாங்கும் நிலையை இன்னும் அடைந்திரா. மூச்சை மாத்திரம் நம்பியவர் அவ்வாரங்களில் நோவுற்று, மீண்டும் வீட்டிலிருக்க நேரும். நாட்காட்டியையும் நோக்கி நடப்பவர் அதற்குத் தப்புவர். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும்.

இனி, செய்யவேண்டிய முறையைக் கூறுவாம். நெடுநாள் ஓய்ந்திருந்தோரும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியன உடையோரும் முதலில் வைத்தியரைக் காணல் வேண்டும். பழகாத உடல் திடீரெனக் கடுமையாக உழைக்கும்போது மாரடைப்பு நேரும் அபாயம் ஏறுகின்றது. ஒழுங்காகப் பயில்வோர்க்கு அவ்வபாயம் மிகக் குறைவு. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் என்பன தோன்றினால் அக்கணமே இறங்கி உதவி நாடுக. உழைப்பின் அளவை அறிதற்கு எளிய வழி பேச்சாகும். அருகில் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடியுமாயின் உழைப்பு மெதுவானது. இரண்டு மூன்று சொல்லுக்கொருமுறை மூச்செடுக்க நேருமாயின் அது கடினமானது. இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகளை உண்போர்க்கு நாடி பிறர்க்குப்போல ஏறாது. ஆதலின் அவர்க்குப் பேச்சே நாடியிலும் நம்பத்தக்கது.

வாரத்தில் மூன்று நாள் வண்டியோடுதல் போதும். இரு நாள் முக்கால் மணித்தியாலமும், ஒரு நாள் சற்று நீண்ட தூரமும் ஓடுக. நீண்ட ஓட்டம் முதல் மூன்று வாரங்களில் முறையே 20, 24, 28 கிலோமீற்றராகலாம். நான்காம் வாரத்தில் அதனை 20 ஆகக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்க. அடுத்து 32, 38, 44. எட்டாம் வாரத்தில் 30. பின்பு 50, 58, 66 என ஏற்றலாம். இது வழிகாட்டியேயன்றிக் கட்டளையன்று. முதல் ஆறு வாரங்களில் கடின உழைப்பு வேண்டா. அதன் பின் வாரத்தில் ஒரு நாள், மூன்று நிமிடம் கடினமாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் நான்கு முறை மாறி மாறி மிதிக்கலாம். இருதயத்தை மேலும் வலுப்படுத்துவது அச்சிறு பங்கே. அதனைத் தாங்கும் ஆற்றலைத் தருவது மெதுவான பெரும்பங்காகும்.

வண்டியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகையாக மடிந்து நோவுறும். குதிக்காலை மிதியின்மேல் வைத்து மிதியைக் கீழிறக்கும்போது கால் நேராக நீளுமாயின் உயரம் ஏறத்தாழச் சரியானது. பாரமான கியரை மெல்ல மிதித்தலிலும், இலகுவான கியரை நிமிடத்துக்கு எண்பது சுற்று அளவில் மிதித்தல் முழங்காலுக்கு நன்று. குளிர்ந்த காலைகளில் முழங்காலை மூடிக்கொள்க. முதியோர்க்குத் தாகவுணர்வு குறைவாதலின், தாகம் எடுக்குமுன்னரே நீர் பருகுக. தசை வளர்வதற்கு இளையோரினும் முதியோர்க்கு ஒவ்வொரு வேளையுணவிலும் புரதம் மிகுதியாக வேண்டும். பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க.

வண்டியோட்டம் ஒன்றே எல்லா நலனையும் தாராது. உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால் எலும்புகள் அதனாற் போதிய உறுதி பெறுவதில்லை. ஆதலின் நடையும், பாரந்தூக்கும் பயிற்சியும் உடன்வேண்டும். 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் பதின்மர் எட்டு வாரம் காலால் பாரந்தூக்கும் பயிற்சியைத் தொடங்கினர். நிறைவேற்றிய ஒன்பதின்மரின் வலிமை சராசரி 174 வீதம் உயர்ந்தது. குளிர்காலம் முழுவதும் வீட்டினுள்ளேயே இதனைச் செய்துவரலாம். அங்ஙனம் செய்தவருக்கு வசந்தம் சுமையாயிராது.

ஒரு குறிக்கோளை முன்வைத்துக்கொள்வது ஊக்கந்தரும். முதன்முதல் 1891இல் நிகழ்ந்த பாரிஸ்–பிறெஸ்ற்–பாரிஸ் ஓட்டம், இக்காலத்தில் நான்காண்டுக்கொருமுறை ஓகஸ்ற் மாதத்தில், 1200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துள் கடக்கும் நெடும்பயணமாக நடைபெறுகின்றது. அதிற் சேர்வோர் அவ்வாண்டிலேயே 200, 300, 400, 600 கிலோமீற்றர் ஓட்டங்களை முடித்திருத்தல் வேண்டும். அவற்றில் முதலாவதான 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் தரப்படும்; உணவுக்கும் ஓய்வுக்கும் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போதும். இவை பந்தயங்களல்ல. குறித்த நேரத்துள் வந்தடைந்த அனைவரும் வென்றவரே. ஆதலால் முதியோர்க்கு இவை மிக உகந்தவை.

2018இல், பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியினரும், 55 முதல் 79 வயது வரையுள்ள 125 வண்டியோட்டிகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். பல்லாண்டாக ஒழுங்காக வண்டியோடிய அவர்களிடம் வயதேறத் தசை குறையவில்லை; உடற்கொழுப்பு ஏறவில்லை; நோயை எதிர்க்கும் கலங்களுட் சில இளையோரிடத்துப்போலவே புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தன. அவர்கள் பந்தய வீரரல்லர், விடாது பயின்றோரே.

எமது நாட்டில் அத்தகைய குளிர்காலமுமில்லை. வசந்தத்தை எதிர்பார்த்து வண்டியைப் பூட்டிவைக்கும் தேவையுமில்லை. 1990களில் வடபகுதியில் எரிபொருள் அரிதாயிருந்தபோது முதியோரும் துவிச்சக்கர வண்டியிலே நெடுந்தூரம் சென்றுவந்தனர். இன்று விறாந்தையில் துருப்பிடித்து நிற்கும் வண்டிக்கும், பனி நாட்டிற் சுவரோடு சாத்திய வண்டிக்கும் நியதி ஒன்றே. உடல் தொழிலை மறப்பதில்லை, நினைவூட்டுவாரை எதிர்பார்த்திருக்கின்றது. ஆகவே, இவ்வாண்டு வண்டியை மீண்டும் எடுப்போர் முதல் வாரத்திற் குறைவாகவும், ஆறாம் வாரத்தில் எச்சரிக்கையாகவும், ஆண்டு முழுவதும் விடாமலும் மிதித்துப் பயன்பெறுவாராக.