துப்பாக்கிக்குள் எவ்வளவு அழுத்தம்?

கூடுவாஞ்சேரி பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே உங்கள் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறீர்கள். டியூபுக்குள் இப்போது வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் போகும் லாரியின் சக்கரத்தில் ஏழெட்டு மடங்கு. சரி, ஒரு சிறிய ரைபிளைச் சுடும்போது அதன் குழலுக்குள்? பாயின்ட் டூ டூ என்னும் மிகச் சிறிய வகையிலேயே 1,600 மடங்கு வரை போகலாம்!

அந்தக் குழலின் துளை ஒரு பென்சிலின் பருமன்கூட இல்லை. ஆனாலும் குண்டின் அடிப்பாகத்தில் ஏறக்குறைய 400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. நான்கு நெல் மூட்டைகளின் பாரம் அது. குண்டைத் தள்ளும் அதே வாயு பின்பக்கத்து அடைப்பையும் தள்ளும் அல்லவா? அதற்கு ஒரு சாண் தூரத்தில் சுடுபவரின் முகம் இருக்கிறது.

கண்மூடித் திறப்பதற்குள் தோன்றி மறையும் இந்த அழுத்தத்தை எப்படி அளந்தார்கள்? அதற்கு முதல் வழி காட்டிய மனிதரைத் தேடி நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. இதே ரயில் பாதையில் தெற்கே சென்று, விழுப்புரம் தாண்டிக் கடலூரில் இறங்கினால் போதும். அங்கே தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது செயின்ட் டேவிட் கோட்டை. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணித மேதை, கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக 1750-இல் அங்கே வந்தார். ஓராண்டுதான் இருந்தார். 1751 ஜூலையில் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார்.

அவர் 1742-இலேயே பீரங்கிக் கலை பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதிலுள்ள ஒரு சோதனை அழகானது. வெடிமருந்து எரிந்தால் எவ்வளவு வாயு வரும் என்று முதலில் அளந்தார். மருந்து அடைந்திருந்த இடத்திலேயே அதை அடைத்தால் ஏறக்குறைய 240 மடங்கு அழுத்தம். ஆனால் வாயு சூடாக இருக்குமே, அதற்கு என்ன கணக்கு? ஒரு துப்பாக்கிக் குழல் துண்டை வெண்மையாய் ஜொலிக்கும் வரை காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினார். குளிர்ந்ததும் உள்ளே எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று பார்த்தார். காற்று சூட்டில் நான்கு மடங்கு விரிந்திருந்தது தெரிந்தது. 240-ஐ நான்கால் பெருக்குங்கள். சுமார் ஆயிரம்!

குண்டின் வேகத்தை அளக்க ஓர் ஊசலைத் தொங்கவிட்டார். நீங்களே கணக்குப் போடலாம். 10 கிலோ மரக்கட்டையில் 20 கிராம் குண்டு பாய்ந்து தங்குகிறது. கட்டை 5 சென்டிமீட்டர் மேலே எழும்புகிறது. அப்படியானால் அடிபட்ட கணத்தில் கட்டையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். உந்தம் மாறாது என்பதால் குண்டின் வேகம் அதைப்போல் 500 மடங்கு.

ஆயிரம் மடங்கு என்பது குறைவான மதிப்பீடு. மருந்தின் தீ, காய்ச்சிய இரும்பைவிட மிகவும் சூடானது. 1870-களில் ஆண்ட்ரூ நோபிளும் ஏபெலும் (டைனமைட் கண்டுபிடித்த நோபெல் வேறு) மூடிய எஃகுப் பாத்திரத்தில் கருமருந்தை எரித்து 6,000 மடங்குக்கு மேல் கண்டார்கள். நோபிளின் கருவி வெகு எளிது. குழலில் ஒரு துளை, அதில் ஒரு தண்டு, தண்டுக்கு மேல் ஒரு சிறு செம்பு உருளை. வாயு தண்டைத் தள்ள, செம்பு நசுங்கும். எவ்வளவு நசுங்கியது என்று அளந்தால் அழுத்தம் தெரியும். செம்பு நசுங்கக் கொஞ்சம் நேரம் பிடிப்பதால் உச்ச அழுத்தத்தை அது சற்றுக் குறைத்தே காட்டும். பின்னாளில் வந்த குவார்ட்ஸ் படிகக் கருவி இந்தக் குறையைப் போக்கியது.

நீலகிரியின் அருவங்காட்டில் 1904 முதல் கார்டைட் தொழிற்சாலை இயங்கி வருகிறது. கார்டைட் என்பது இடியாப்பம்போல் இழை இழையாகப் பிழிந்த புகையற்ற மருந்து. இது மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரியும். இழை மெலிய மெலிய எரியும் பரப்பு குறையும். நடுவில் துளை விட்டால்? வெளிப்பரப்பு குறையக் குறைய உள்பரப்பு கூடும். வாயு ஒரே சீராக வரும்.

ஆபத்தும் இந்த மருந்தில்தான் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் வேகமாக எரியும்; வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் தாங்களே மறுபடி மருந்து அடைக்கிறார்கள். (நம் நாட்டில் உரிமமின்றி இதைச் செய்ய முடியாது, வேட்டையையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.) பத்தில் ஒரு பங்கு மருந்து கூடினால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அது அதைவிட மிக அதிகமாக ஏறும். குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக அழுத்தினாலும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் தோட்டாவைக் காயவிட்டாலும் ஏறும். துப்பாக்கியோ வெளியே எந்த மாற்றத்தையும் காட்டாது.

அதனால்தான் புதுத் துப்பாக்கியை விற்பனைக்கு அனுப்புமுன், வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை இட்டுச் சோதிக்கிறார்கள். அப்போது யாரும் அதைக் கையில் பிடிப்பதில்லை. துப்பாக்கியைத் தாங்கியில் இறுகப் பூட்டிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் நின்று விசையை இழுப்பார்கள்.