“பீர்தானே, என்ன பண்ணும்?”

கரியமாணிக்கம் புதுச்சேரி மண். கொஞ்சம் தள்ளிப் போனால் கடலூர் மாவட்டம். எல்லை தாண்டி பைக்கில் வருகிறவர்கள் இந்தப் பக்கத்துக் கடைகளில் கேட்பது என்ன? “ஸ்ட்ராங்கா, லைட்டா?” அவ்வளவுதான்!

கள் குடிக்கிறவருக்காவது நாக்கு உண்டு. காலையில் இறக்கியது இனிக்கும், வெயில் ஏறினால் புளிக்கும். நேரம் பார்த்துப் போவார். (தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு.)

பீரிலும் ருசி பல ரகம். லாகர் என்பது குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்க வைப்பது. ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசம் வரும். ஸ்டவுட் என்ற கருப்பு பீரில் வறுத்த காபி வாசம். நம்மாளுக்கு அதெல்லாம் எதுக்கு? ஜில்லுனு இருக்கணும், ஏறணும்!

ஏறுகிற கணக்கைப் பாருங்க. 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை. அதாவது 52 மில்லி. 60 மில்லி பிராந்தியில் இருப்பது சுமார் 26 மில்லி. ஒரு பாட்டில் பீர், இரண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம்! 5 சதவீத லைட் என்றாலும் 32 மில்லிக்கு மேல்.

இதைக் குடித்துவிட்டுத்தான் “பீர்தானே” என்று பைக்கை உதைக்கிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வழக்கு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே ரூ.10 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.