டயரின் தேய்மானம் உணர்த்தும் குறைகள்

தோட்டத்தில் சீவப்படும் பால், ஆலைக்குச் சென்று உருமாறி, டயராகி, மீண்டும் தோட்டத்துச் செம்மண் சாலைக்கே வந்து சேர்கிறது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடு டயர் செய்வதற்கே பயன்படுகிறது. பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தின் நிலையைக் கூறிவிடும் நம் தோட்டப் பாட்டாளிகள், தங்கள் காரின் டயரையும் அவ்வாறே பார்த்தறிய முடியும். ஆனால், நம்மில் பலர் டயர் தேய்ந்துவிட்டது என்று கண்டதும் வேறொன்றை வாங்கிப் போட்டுவிடுகிறோம். அது ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. குறையோ காரில் இருக்கிறது. ஆகவே, புதிய டயரும் அதே இடத்தில் தேயத் தொடங்குகிறது. பல நாள் உழைத்துப் பெற்ற ஊதியம் இவ்வாறு சாலையில் கரைந்து போகிறது.

டயரின் பூ அதன் அகலம் முழுவதும் ஒரே சீராகத் தேய்வதே இயல்பு. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் மேடாக நின்றால், நெடுநாளாகக் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது என்று பொருள். நடுப்பகுதி தேய்ந்து ஓரங்கள் நன்றாக இருந்தால், காற்று மிகுதியாக இருந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் செலவில்லாத மருந்து உண்டு. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் தூணில் ஒட்டப்பட்டுள்ள சிறு அட்டவணையைப் பார்த்து, அதில் குறிப்பிட்ட அளவு காற்றை நிரப்ப வேண்டும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். பெட்ரோல் நிலையங்களிலுள்ள கருவிகள் பெரும்பாலும் கிலோபாஸ்கல் கணக்கில் காட்டுகின்றன. 30 பவுண்டு என்பது அதில் ஏறத்தாழ 207. டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை வெளியேற்றிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைவாகவே இருக்கும். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு, சாமான்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் அட்டவணை தனியாகக் கூறுகிறது.

இனி, மிகுந்த கவனத்துக்குரிய குறைக்கு வருவோம். டயரின் ஒரே ஓரம், குறிப்பாக உட்புற ஓரம், தேய்வதே அது. காரின் அருகில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வெளிப்புறப் பூ ஆழமாகத் தெரியும். "டயர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவர் எண்ணிக்கொள்வார். உட்புறத்திலோ ரப்பர் முழுதும் அழிந்து, உள்ளிருக்கும் கம்பியே வெளியே வந்திருக்கலாம். அத்தகைய டயர் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கக்கூடும். மழையில் நிலைமை இன்னும் மோசம். பூவிலுள்ள பள்ளங்களே சாலையில் தேங்கும் நீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. பள்ளமில்லாத டயர் நீரின்மேல் மிதந்து வழுக்கும். அப்போது பிரேக்கும் ஸ்டீரிங்கும் சொன்னபடி கேட்பதில்லை.

ஆகவே, மாதம் ஒருமுறையேனும் உட்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பினால், ஒரு முன்சக்கரத்தின் உள்ளோரம் நன்கு தெரியும். பிறகு மறுபக்கம் திருப்பி மற்றதைப் பார்க்கலாம். பின்சக்கரங்களுக்குக் கைவிளக்கு தேவைப்படும். பூவின் பள்ளத்தினுள் குறுக்கே சிறு மேடுகள் அமைந்திருப்பதைக் காணலாம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பூ தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு எந்த இடத்தில் வந்துவிட்டாலும் டயரின் ஆயுள் முடிந்தது. மற்ற இடத்தில் எவ்வளவு பூ மீந்திருந்தாலும் கணக்கில்லை.

ஒரு பக்கம் தேய்வது ஏன்? நம் செருப்பை எடுத்துப் பார்த்தாலே விடை கிடைக்கும். ஒருவர் பாதத்தைச் சாய்த்து நடந்தால் செருப்பின் ஓரம் தேயும். காலைத் தேய்த்து நடந்தால் வேறு விதமாகத் தேயும். காரின் சக்கரங்களுக்கும் இவ்வாறு நடை உண்டு. அந்த நடையைச் சரிசெய்வதைத்தான் பட்டறைகளில் 'அலைன்மென்ட்' என்கிறார்கள்.

மேலிருந்து பார்த்தால், முன்சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக, நேரே முன்னோக்கி நிற்க வேண்டும். அவற்றின் முன்பாகம் அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருந்தால் வெளியோரம் தேயும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் உள்ளோரம் தேயும். டயரை விரைவாக அழிப்பதில் இக்குறைக்கு நிகர் வேறில்லை. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரம் அரைப் பாகை திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். அரைப் பாகையைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. ஆயினும் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு உள்ள சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தைக் கடப்பதற்குள், சுமார் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தூரம் தாரில் தேய்த்து இழுத்ததற்கு அது சமம். மரம் சீவுவோர்க்கு இது வியப்பளிக்காது. ஒட்டுமரத்தில் சீவும் கோட்டின் சாய்வு 30 பாகை இருக்க வேண்டும். சாய்வு குறைந்தால் பால் மங்குக்குச் செல்லாமல் பட்டையில் வழிந்து வீணாவதை அவர்கள் அன்றாடம் கண்டிருக்கிறார்கள்.

இக்குறையைக் கையாலும் உணரலாம். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் இரம்பப் பல்போல் கூராகவும் இருக்கும். கம்பி வெளிவந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே கையை வைக்க வேண்டும்.

இரண்டாவது, சக்கரத்தின் சாய்வு. காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி அளவுக்கு மீறி உட்பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளோரமும், வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் வெளியோரமும் தேயும். அழகுக்காகச் சுருளை வெட்டிக் காரைத் தாழ்த்திக்கொள்ளும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கார் தாழ்ந்தவுடன் சக்கரத்தின் சாய்வும் மாறிவிடுகிறது. அவ்வழகுக்கான விலையை உள்ளோரம் செலுத்துகிறது. ஸ்டீரிங் அச்சின் முன்பின் சாய்வு என்று மூன்றாவதொன்றும் உண்டு. அது டயரைத் தேய்ப்பதைவிட, காரை ஒரு பக்கமாக இழுப்பதிலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

தோட்டத்துச் சாலையின் குழிகளும், பட்டணத்து நடைபாதை விளிம்பில் மோதுவதும் இந்த அளவுகளைக் குலைக்கின்றன. ஆயினும் பட்டறைக்குச் சென்றவுடன் அலைன்மென்ட் செய்யும்படி கூறுவது முறையன்று. ஸ்டீரிங் தண்டின் முனையோ, பந்து மூட்டோ, ரப்பர் புஷ்ஷோ தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால், இன்று சரிசெய்த அளவு சாலையில் இறங்கியதும் மாறிவிடும். முதலில் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, காரைத் தூக்கி இந்த மூட்டுகளை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்தவற்றை மாற்றிய பிறகே அளவெடுக்க வேண்டும். கணினிக் கருவியுள்ள பட்டறையில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் அச்சிட்டுத் தருவார்கள். அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பல சிறிய கார்களில் முன்சக்கரத்தின் திருப்பத்தை மட்டுமே திருகித் திருத்த இயலும். சாய்வு கெட்டிருந்தால் வளைந்த பாகத்தைத் தேடி மாற்ற வேண்டியிருக்கும். வேலை முடிந்தபின் சமமான நேர்ச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங் கோணலாக நின்றால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அலைன்மென்ட் வேறு, பாலன்சிங் வேறு. மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கினால், சக்கரத்தின் எடை ஒருபுறம் மிகுந்திருக்கலாம். விளிம்பில் சிறு எடைக்கட்டி பொருத்தி அதைச் சமன்செய்வார்கள். டயரில் இடையிடையே கிண்ணம்போல் குழி விழுந்திருந்தால், பெரும்பாலும் அதிர்வுதாங்கி பழுதாகியிருக்கும்.

பழைய கார் வாங்குவோர், நான்கு டயர்களும் புத்தம் புதியனவாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக்கூடாது. புதிய டயர் காரின் நடையை மறைத்துவிடும். பழைய டயர்களைக் காட்டும்படி கேட்கலாம். உதிரி டயர் முன்பு ஓடியதாக இருந்தால் அதையும் எடுத்துப் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உள்ளன. 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் முன்டயர்களே முதலில் தேயும். ஆகையால் சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது நல்லது. கையில் இரண்டு டயருக்கு மட்டுமே பணமிருந்தால், புதியவற்றை எங்கே போடுவது? முன்னால் என்றே பலர் கூறுவர். ஆனால் பின்னால் போடுவதே பாதுகாப்பு. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால், ஸ்டீரிங் இலேசாவதை ஓட்டுநர் கையில் உணர்ந்து வேகத்தைக் குறைக்க இயலும். பின்சக்கரம் வழுக்கினாலோ கார் நொடியில் சுழன்றுவிடும். அதைத் திருப்பி நிறுத்தும் திறமை தேர்ந்த ஓட்டுநர்களிடமும் அரிது.